மேற்படி மைலேஜ்

தஞ்சாவூர் நாகை சாலையில் உள்ள ஒரு பெட்ரோல் பங்க்கில் பரணிதரனுக்கு ‘உலுக்குற சார்’ என்று பேர். அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு அவருடைய சொந்தப் பேர் தெரியாது. டேங்க் நிரம்பி, பெட்ரோல் குழாய் ‘டக்’கென்று தானாக நின்றதும் அவர் காருக்குப் பின்னால் போவார். இடுப்பைக் கொடுத்து நாலு தள்ளு தள்ளுவார். கார் ஊஞ்சல் மாதிரி ஆடும். டேங்கில் சிக்கியிருக்கும் காற்றெல்லாம் வெளியே வந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். பிறகு, “இன்னொரு தடவை போடும்மா” என்பார். மறுபடியும் ‘டக்’. அதோடு நிறுத்திவிடுவார். மூன்றாவது முறை கேட்டதில்லை. போன வாரம் இரண்டு ‘டக்’ என்றால் இந்த வாரமும் இரண்டுதான். இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

பின்னால் நிற்கும் பைக்காரர் யாராவது, “சார், வண்டியைத் தூங்க வைக்கிறீங்களா, எழுப்புறீங்களா?” என்று கேட்பார். பரணிதரன் திரும்பிப் பார்க்க மாட்டார். மீட்டரில் இருக்கும் எண்ணை டைரியில் எழுதிக்கொண்டிருப்பார்.

வயது நாற்பத்திரண்டு. ஒரு மருந்து கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. அவர் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. டாக்டரின் அறைக்கு வெளியே நோயாளிகள் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நின்றுகொண்டு, நின்ற இடத்திலும் நிற்காமல், சுவர்க் கடிகாரம் எத்தனை நிமிடம் தாமதம் என்று தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். சொந்த ஊர் திருக்கடையூருக்குக் கிழக்கே, வாய்க்கால் முடியும் இடத்தில் இருக்கும் ஒரு கடைமடைக் கிராமம். மேட்டூரில் திறந்த தண்ணீர் எல்லா ஊரையும் நனைத்துவிட்டுக் கடைசியாக வந்து சேரும் ஊர். அப்பா செல்லதுரை பிறர் வயலில் கூலி வேலை செய்தவர். அந்தத் தெருவின் முதல் பட்டப்படிப்பு பரணியுடையது. முதல் காரும் அவருடையதுதான்.

மைலேஜ் பைத்தியம் காரோடு வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், திருச்சியில் நடந்த கம்பெனிக் கூட்டத்தில், மேலாளர் நாற்பது பேர் முன்னிலையில் இவருடைய பயண அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தத் தம்பி பட்டுக்கோட்டைக்குப் போகாமலே போயிட்டு வந்திருக்கு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பரணி போயிருந்தார். கொட்டும் மழையில், பழைய பைக்கில், போய்விட்டுத்தான் வந்திருந்தார். மேலாளர் வேறொருவருடைய தாளைப் பார்த்துவிட்டுப் பேசினார் என்பது மறுநாள் தெரிந்தது. ஆனால் அந்த நாற்பது பேரை மறுபடி கூட்டி வைத்து யாரும் அதைச் சொல்லவில்லை. அன்று தொடங்கியது டைரி. தேதி, ஓடிய கிலோமீட்டர், போட்ட லிட்டர். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம். பல வருடங்களாக யாரும் கேட்கவில்லை.

பிறகு கேட்பதற்கென்றே ஆட்கள் கிடைத்தார்கள். ‘டெல்டா லிட்டர்’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு. தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, காரைக்கால் பக்கத்துக் கார் பிரியர்கள் அறுபத்தொரு பேர். அட்மின் ரகுராமன், தஞ்சாவூரில் பல் டாக்டர். காலை வணக்கம் போட்டால் குழுவை விட்டு நீக்கிவிடுவார். அங்கே ஒரே பேச்சுதான்: யார் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது. ஒருவர் 19 என்று எழுதினால், இன்னொருவர், “கால்ல என்ன, அம்மிக்கல்லா கட்டியிருக்கு?” என்று கேட்பார். 24 என்று எழுதினால், “பெட்ரோல் போட்டீங்களா, மோந்து பாக்க விட்டீங்களா?” என்பார்கள்.

மழை மாதங்கள் தவிர, பரணிதரன் 28 என்று எழுதுவார். 28.2. 27.9. ஒருமுறை 28.6. மூன்று வருடமாக முதலிடம் அவருக்குத்தான். அதே வெள்ளை நிறச் சின்னக் காரை வைத்திருக்கும் ஒன்பது பேர் குழுவில் இருந்தார்கள். அவர்களில் யாருக்கும் 25-ஐத் தாண்டவில்லை.

அந்த எண்ணுக்காக அவர் என்னவெல்லாம் செய்தார் என்பதற்கு அவருடைய மனைவி எழில்மொழிதான் சாட்சி. தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. “ஸ்டெப்னியைக் கழட்டி வீட்டுல வச்சாரு. சரின்னு விட்டேன். மிதியடியை எடுத்தாரு. பின்சீட்டு மெத்தையை எடுக்கப் போனாரு, அன்னிக்குத்தான் கத்தினேன்” என்பார். எழில்மொழியின் பெரியப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். சித்திரை வெயில். பட்டுப்புடவை. பரணி ஏசியைப் போடவில்லை. கண்ணாடியையும் பாதிக்கு மேல் இறக்க விடவில்லை, காற்று உள்ளே புகுந்தால் வண்டியை இழுக்குமாம். குத்தாலம் வந்ததும் எழில்மொழி காரை நிறுத்தச் சொல்லி இறங்கினார். பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

“என்ன எழில் இது, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?”

“என் அறுபதாம் கல்யாணத்தையும் இன்னிக்கே சேத்து முடிச்சுட்டதா நினைப்பாங்க. நீங்க கிளம்புங்க. நான் இறங்கிட்டதுல அம்பத்தெட்டு கிலோ மிச்சம்.”

பரணி அதைக் கேட்டு ஒரு வினாடி யோசித்தார் என்றும், அந்த ஒரு வினாடியைத் தான் இன்னும் மன்னிக்கவில்லை என்றும் எழில்மொழி சொல்வார்.

இதுவரை எல்லாம் விளையாட்டுதான். மூஸா கார் வாங்கும்வரை.

மூஸாவுக்குக் காரைக்கால் கடைத்தெருவில் எலெக்ட்ரிகல் கடை. பரணியோடு கல்லூரியில் மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், ‘டெல்டா லிட்டர்’ குழுவிலும் இருப்பவர். ஒருவருக்கொருவர் மாப்ள, மச்சான். பரணி புதன்கிழமைதோறும் வேலையாகக் காரைக்கால் போவார். மதியச் சாப்பாடு மூஸா வீட்டில். மூஸா சரக்கு எடுக்கச் செவ்வாய்க்கிழமைகளில் தஞ்சாவூர் வருவார். நேரமாகிவிட்டால் படுக்கை பரணி வீட்டில். மூஸாவிடம் ஒரு பழைய டீசல் கார் இருந்தது. புகை கக்கினாலும் ஓடிக்கொண்டிருந்தது. சித்திரைக் கடைசியில் அதை விற்றுவிட்டுப் பரணியிடம் இருக்கும் அதே வெள்ளைக் காரை வாங்கினார். ஷோரூமில் விற்பனையாளர் விளக்கம் சொல்ல வாயெடுத்தபோது, “நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் தம்பி, எங்க மாப்ள டைரி சொல்லிடுச்சு” என்றாராம்.

மைலேஜ் பார்க்கும் முறையையும் பரணிதான் சொல்லிக்கொடுத்தார். கிளம்புற ஊர்ல ரெண்டு ‘டக்’ வரைக்கும் ஃபுல் பண்ணு. போய்ச் சேர்ந்ததும், ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே, மறுபடியும் ரெண்டு ‘டக்’ வரைக்கும் ஃபுல் பண்ணு. ரெண்டாவதா எத்தனை லிட்டர் பிடிக்குதோ அதுதான் வண்டி குடிச்சது. வழியில லோடு ஏத்தாத. ஊருக்குள்ள சுத்துறதைச் சேக்காத.

வண்டி கொஞ்சம் ஓடிப் பழகியதும், ஆனியில், மூஸா அப்படியே செய்தார். காரைக்காலில் நிரப்பினார். தொண்ணூற்றாறு கிலோமீட்டர் ஓட்டித் தஞ்சாவூர் வாசலில் மறுபடி நிரப்பினார். திரும்பும்போது பின்சீட்டு முழுக்க வயர்ச் சுருளும் சுவிட்ச் பெட்டியும் இருக்கும் என்பதால் அந்த ஓட்டத்தைச் சேர்க்கவில்லை.

22.3.

அடுத்த வாரம் 21.9. அதற்கடுத்த வாரம் ஏசி இல்லாமல், ஐம்பத்தைந்துக்கு மேல் போகாமல், சைக்கிள்காரர்கூட முறைத்துப் பார்க்கும் வேகத்தில் ஓட்டினார். 22.4.

ஆடி பிறந்த வாரத்தில் அவர் குழுவில் ஒரு வரி எழுதினார்: “பரணிதரன் சார் வண்டியில் பெட்ரோலுக்குப் பதிலாக வேறு எதையோ ஊற்றுகிறார் போலிருக்கிறது. எங்களுக்கும் சொன்னால் நல்லது.”

குழு சிரித்துத் தீர்த்தது. பரணிதரனுக்கு அந்த வரியில் ஒரே ஒரு சொல்தான் கண்ணில் பட்டது. சார். உடனே கூப்பிட்டார்.

“மச்சான், டயர்ல காத்து எவ்வளவு வச்சிருக்க?”

“முப்பத்துமூணு சார்.”

“என்னடா சாரு?”

“முதலிடத்துல இருக்கறவங்களை சார்னுதானே சார் கூப்பிடணும்?”

“ஏர் ஃபில்டர் பாத்தியா? பிரேக் எங்கயாவது பிடிக்குதான்னு பாரு. சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாத்தா...”

“எல்லாம் பாத்தாச்சு. ரெண்டு மெக்கானிக்கு பாத்தாச்சு. வண்டியில ஒண்ணும் இல்லை. சொன்னவங்க வார்த்தையிலதான் ஏதோ இருக்கு. விடுங்க, வண்டியைக் குடுத்துடறேன். வர்ற ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குத் திருநள்ளாறுலேருந்து ஆளு பாக்க வர்றாங்க.”

போன் வைக்கப்பட்டது. பரணி கூடத்தில் நடந்தார். மாடிக்குப் போனார். கீழே வந்து காரின் நாலு டயரையும் அழுத்திப் பார்த்தார். டைரியை எடுத்து, கார் வாங்கியபின் எழுதிய நூற்றுநாற்பத்துமூன்று வரிகளையும் கால்குலேட்டரில் திரும்பப் போட்டார். ஒன்றும் தப்பில்லை. திருச்சியில் சிரித்த நாற்பது பேர் இப்போது அறுபத்தொரு பேராகிவிட்டார்கள். அதில் ஒருவன் மூஸா.

“உங்க கணக்கு சரின்னா மூஸா அண்ணன் கணக்கு தப்பு. அவரு கணக்கு சரின்னா நீங்க பொய் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணுதானே இருக்க முடியும்?” என்றார் எழில்மொழி, பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே.

“ரெண்டும் இல்லை.”

“அப்ப மூணாவது என்ன?”

பரணி பல் டாக்டரைக் கூப்பிட்டார். ஞாயிறு காலை, இரண்டு கார்களும் ஒன்றாக ஓட வேண்டும், ரகுராமன் சாட்சியாக வர வேண்டும் என்றார். மூஸா மூன்று முறை மறுத்தார். நாலாவது முறை, “டாக்டர் கேக்கறதால வர்றேன்” என்றார். சனிக்கிழமை மாலையே தஞ்சாவூர் வந்தார். ஆனால் பரணி வீட்டுக்கு வரவில்லை. தங்கை வீட்டில் தங்கிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு இரண்டு வெள்ளைக் கார்களும் நாகை சாலை பங்க்கில் நின்றன. ‘டக்’. உலுக்கல். ‘டக்’. ரகுராமன் போகும்போது மூஸாவின் காரிலும், திரும்ப வேண்டியிருந்தால் பரணியின் காரிலும் உட்காருவதாக ஏற்பாடு. எடை சமமாக இருக்க, டாக்டர் இல்லாத காரில் அவருடைய எழுபத்திரண்டு கிலோவுக்கு ஈடாக இரண்டு அரிசிச் சிப்பம், நாலு பெரிய தண்ணீர் பாட்டில், ஒரு கட்டு பல் மருத்துவப் பத்திரிகை.

“எனக்குச் சமமா அரிசியை வச்சது சரி. பத்திரிகையை எதுக்கு வச்சீங்க பரணி?”

“ஒன்றரை கிலோ குறைஞ்சுது டாக்டர்.”

மூஸா சிரிக்கவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

அறுபதிலேயே போனார்கள். மூஸா முன்னால், பரணி நூறு மீட்டர் பின்னால். சாலையின் இருபுறமும் குறுவை நெல் பச்சையாக நின்றது. வாய்க்கால்கள் நிறைந்து ஓடின. நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. இரண்டு பேரும் இன்ஜினை அணைத்தார்கள். பரணி இறங்கி முன்னால் போய், மூஸாவின் ஜன்னலோரம் நின்றார்.

“கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டாத மச்சான்.”

“எனக்கு ஓட்டத் தெரியும் சார்.”

ரகுராமன் இருவருக்கும் நடுவே வெள்ளரிப்பிஞ்சு வாங்கி நீட்டினார். யாரும் எடுக்கவில்லை. அவரே தின்றார்.

ஒன்பது மணி தாண்டிக் காரைக்கால் பங்க். ‘டக்’. உலுக்கல். ‘டக்’. ரகுராமன் மீட்டரைப் படித்தார். பரணியின் கார் 3.40 லிட்டர். லிட்டருக்கு 28.2. வழக்கம்போல. மூஸாவின் கார் 3.46 லிட்டர். லிட்டருக்கு 27.7.

மூஸா மீட்டரை ஒருமுறை பார்த்தார். தன் காரை ஒருமுறை பார்த்தார். முகம் மலர்ந்தது. அடுத்த வினாடி சுருங்கியது.

“அப்ப செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை மட்டும் இந்த வண்டிக்கு என்ன கேடு?”

“இன்னிக்குப் பரணி வேகத்துல சீரா ஓட்டினீங்க இல்லையா” என்றார் ரகுராமன். “ஓட்டற விதம்னு ஒண்ணு இருக்கே மூஸா.”

சொல்லியிருக்கக் கூடாது.

“அதாவது இருவது வருசமா எனக்கு ஓட்டத் தெரியலை. சரிங்க டாக்டர். ஒண்ணு இவரு பொய்யரு, இல்லன்னா நான் மடையன். நீங்களே தீர்ப்பு சொல்லிட்டீங்க. ரொம்ப சந்தோஷம். வண்டி பாக்க ஆளு வருது, நான் போய்க் கழுவி வைக்கணும்.” அரிசிச் சிப்பத்தைப் பரணியின் காரிலிருந்து அவரே இறக்க ஆரம்பித்தார், ஆட்டம் முடிந்துவிட்டது என்பதுபோல.

பரணி டைரியில் ஒட்டுவதற்காகப் பில்லை நீட்டிப் பிடித்தார். அந்தத் துண்டுத்தாள் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்தது.

ஓடினார். பில் பங்க்கைத் தாண்டி, சாலையைத் தாண்டி, கருவேலம் புதரை ஒட்டிய மணல் திட்டில் உருண்டு உருண்டு போனது. நாற்பத்திரண்டு வயதில் இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவருக்கே தெரியாது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல இருந்தது. வேலியில் சிக்கிய தாளைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். திரும்பி நாலடி ஓடினார். சட்டை பலூன் மாதிரி உப்பியது. கண்ணில் மணல். வாயில் மணல். எதிரே, மேற்கே போகும் சைக்கிள்காரர் ஒருவர் இருக்கையிலிருந்து எழுந்து நின்று, ஒவ்வொரு மிதிக்கும் தலையை ஆட்டி ஆட்டி மிதித்துக்கொண்டிருந்தார். பரணி ஓட்டத்தை நிறுத்தினார். மறுபடி கிழக்கே திரும்பிப் பத்தடி ஓடினார். மறுபடி மேற்கே பத்தடி.

“என்ன ஆச்சு பரணிக்கு?” என்றார் ரகுராமன்.

பரணி மூச்சிரைக்க வந்து டைரியைக் கார் பானெட்டில் விரித்தார். பக்கங்கள் படபடவென்று அடித்தன. “பிடி மச்சான், பிடி. இதைப் பாரு.”

மூஸா, வேறு வழியில்லாமல், இரண்டு கைகளாலும் பக்கங்களை அழுத்திப் பிடித்தார்.

‘எங்கிருந்து எங்கே’ என்ற பத்தியில் மூன்று வருடத்துக்கு முன்னால், முதல் வரியில், ‘தஞ்சை – காரைக்கால்’ என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ‘மேற்படி’. அதற்குக் கீழே ‘மேற்படி’. பக்கம் பக்கமாக, பத்திரம் எழுதுபவர் மாதிரி, நூற்றுநாற்பத்திரண்டு மேற்படி. புதன்கிழமை காலை தஞ்சாவூரில் நிரப்பிக் காரைக்காலில் நிரப்பும் ஓட்டம் மட்டும். திரும்பும் வழியில் மயிலாடுதுறை, கும்பகோணம் என்று டாக்டர்களைப் பார்த்துக்கொண்டே வருவதால், அந்த ஓட்டத்தை அவர் ஒரு நாளும் எழுதவில்லை.

“நான் எழுதினது எல்லாம் கீழக்க வந்தது மச்சான். நீ எழுதினது எல்லாம் மேக்க போனது.”

மூஸா டைரியிலிருந்து தலையைத் தூக்கினார்.

“காத்து எங்கேருந்து அடிக்குது பாரு.”

“இது கச்சான் காத்து. வைகாசி கடைசியில ஆரம்பிச்சாப் புரட்டாசி வரைக்கும் மேக்கேருந்துதான் அடிக்கும். கடக்கரையில சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்” என்றார் மூஸா.

“நம்ம ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுதா?”

ரகுராமனும் குனிந்தார். “காத்து மட்டும் இல்லை. ரயில்வே ஸ்டேஷன் மஞ்சப் பலகையைப் பாத்திருக்கேளா? கடல் மட்டத்திலேருந்து எவ்வளவு உயரம்னு போட்டிருப்பா. தஞ்சாவூர்ல அம்பது மீட்டருக்கு மேல. இங்கே அஞ்சோ ஆறோ. ரொம்ப இல்லை, ஆனா இறக்கம்தான்.”

பரணி தலையில் கைவைத்துக்கொண்டார். கிழக்கு என்ற சொல்லுக்குள்ளேயே கீழ் இருக்கிறது. மேற்கு என்பதில் மேல் இருக்கிறது. கடைமடையில் பிறந்து, மேலேயிருந்து தண்ணீர் இறங்கி வருமா வராதா என்று வாய்க்காலையே பார்த்து வளர்ந்தவர், தண்ணீர் போகும் அதே திசையில் காரை ஓட்டிவிட்டு மூன்று வருடமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஐப்பசி, கார்த்திகைப் பக்கத்தை எடு” என்றார் மூஸா. எடுத்தார்கள். 24.1. 23.6. 23.8. ஓரத்தில் பென்சிலால், ‘மழை. வைப்பர். ஹெட்லைட்.’

“வைப்பர் போட்டா நாலு கிலோமீட்டர் குறையுமாடா?” என்று மூஸாவுக்கு வாயில் வந்துவிட்டது. உடனே நிமிர்ந்துகொண்டார். “இதெல்லாம் வாய்ப்பேச்சு. எனக்கு நம்பர் வேணும்.”

“திரும்பி ஓட்டுவோம்” என்றார் பரணி. “இப்பவே. மேக்க.”

“ஆறு மணிக்கு ஆளு வருது.”

“மூணு மணிக்குள்ள உன்னை அனுப்பிடறேன்.”

மூஸா யோசித்தார். பிறகு கையை நீட்டினார். “உங்க சாவியைக் குடுங்க. உங்க வண்டியை நான் ஓட்டறேன். என் வண்டியை நீங்க ஓட்டுங்க. டாக்டர் என்கூட வரட்டும். அரிசி உங்ககூட வரட்டும்.”

தன் காரை வேறு யாரும் ஓட்ட பரணி விட்டதில்லை. எழில்மொழி ஒருமுறை காய்கறி வாங்க எடுத்துப் போய்விட்டு வந்தபோது, அந்த வாரத்து வரியில் ‘சந்தேகம்’ என்று எழுதியவர். சாவியைக் கொடுத்தார்.

காற்று இப்போது நேராக முகத்தில். தெரிந்தபிறகு எல்லாம் தெரிந்தது. வயலில் நெற்பயிர் தங்களை நோக்கிச் சாய்ந்திருந்தது. தென்னை மட்டைகள் ஒரே பக்கம் சீவிவிட்ட தலைமுடி மாதிரி கிழக்கே பறந்தன. எதிரே ஊர்ந்து வந்த வைக்கோல் லாரி உதிர்த்த துரும்பு, லாரிக்கு முன்னாலேயே பறந்து வந்து கண்ணாடியில் அடித்தது. நீடாமங்கலம் கேட் திறந்தே இருந்தது. ஆக்சிலரேட்டரை அதே அளவு மிதித்தும் முள் அறுபதுக்கு வர மறுத்தது. பரணி அரிசிச் சிப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மைலேஜ் குறைய வேண்டும் என்று வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்டார்.

நாகை சாலை பங்க். மதியம் பன்னிரண்டரை மணி. மூஸா ஓட்டிவந்த பரணியின் கார் 4.34 லிட்டர் பிடித்தது. லிட்டருக்கு 22.1. பரணி ஓட்டிவந்த மூஸாவின் கார் 4.29 லிட்டர். 22.4.

மூஸா போனில் கால்குலேட்டரைத் திறந்தார். போகவரச் சேர்த்துக் கணக்குப் போட்டால் இரண்டு காருக்குமே 24.8. குழுவில் இருக்கும் மற்ற ஒன்பது வெள்ளைக் கார்களும் தரும் அதே சாதாரண எண்.

“பொய்யரு இல்லை” என்றார் ரகுராமன் மெதுவாக. “மடையனும் இல்லை.”

“ரெண்டு பேருமே மடையனுங்கன்னு வச்சுக்கலாம் டாக்டர்” என்றார் மூஸா. ஆனால் பரணியைப் பார்த்துச் சொல்லவில்லை. அரிசிச் சிப்பத்தைப் பரணியின் காருக்கு மாற்றிவிட்டு, தன் காரின் சாவியை வாங்கிக்கொண்டு, “நேரமாச்சு, வர்றேன்” என்று ஏறி உட்கார்ந்தார். வண்டியை விற்பாரா மாட்டாரா என்று பரணிக்குக் கேட்கத் துணிவில்லை. கார் கிழக்கே திரும்பிப் போய்விட்டது.

ரகுராமன் பரணியின் தோளைத் தொட்டார். “இதைக் குரூப்புல போட்டா மூணு வருஷத்துப் பேர் போயிடும். எனக்கே கஷ்டமா இருக்கு. ‘காற்று அதிகம், சோதனை முடிவில்லை’ன்னு நான் ஒரு வரி போட்டுடறேன். மூஸாகிட்ட தனியா நீங்க பேசிக்கோங்கோ.”

“அவனைப் பொய்யனாக்கின மாதிரி ஆயிடும் டாக்டர். அவன் அத்தனை பேர் முன்னாடிதானே கேட்டான்?”

பங்க்கின் காற்றடிக்கும் இடத்தில் நின்றுகொண்டே பரணி தட்டச்சு செய்தார். மூன்று முறை அழித்து நாலாவது முறை அனுப்பினார்: “நண்பர்களே, என் 143 பதிவுகளும் தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போன ஓட்டம் மட்டுமே. காற்றும் இறக்கமும் தள்ளிவிட்டன. திரும்பி வரும் ஓட்டத்தை நான் எழுதவே இல்லை. சரியான எண் 24.8. மூஸா சொன்ன 22 உண்மை. தப்பு என்னுடையது. முதலிடத்திலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள்.”

குழுவில் பதில் கொட்டியது. “அப்ப கப்பைக் காத்துக்குக் குடுத்துடலாமா?” “பரணி அண்ணே, பட்டம் விடுற நூல்ல கட்டி விட்டா 40 வருமா?” கும்பகோணத்து ஆள் ஒருவர், “நானும் ஒரு பக்கம்தான் அளந்தேன், வெளியில சொல்லல” என்று போட்டுவிட்டு உடனே அழித்துவிட்டார். மூஸாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

பரணி வீட்டுக்குப் போனார். சாப்பிடவில்லை. அரிசிச் சிப்பத்தை இறக்கினார், மறுபடி நகர்த்தினார். போனை மேசையில் வைத்தார், சட்டைப்பையில் போட்டார், மறுபடி எடுத்தார். நான்கு மணி. நாலரை. எழில்மொழி பார்த்துக்கொண்டே இருந்தார்.

“மூணாவது என்னன்னு கேட்டேனே, கண்டுபிடிச்சீங்களா?”

“காத்து.”

“அதைத்தான் அன்னிக்குக் கார் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்டேன்.”

ஐந்து இருபதுக்குப் போன் அடித்தது. மூஸாவின் குரல் பதிவு. பின்னணியில் பங்க்கின் சத்தம். பரணி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

“யோவ் மாப்ள! மூணரைக்குக் கிளம்பினேன். தங்கச்சி வீட்டுல சாப்பிட்டுட்டு, நாகை ரோட்டு பங்க்குல மறுபடியும் ரெண்டு டக்கு போட்டுட்டு. இங்க வந்து பாத்தா இருவத்தெட்டு புள்ளி நாலு! நாகூர் கிட்ட வர்றப்ப கடக்காத்து எதுத்து அடிச்சுது, இல்லன்னா இருவத்தொம்பது வந்திருக்கும். இன்னிக்கு ஒன்னை மிஞ்சிட்டேன்டா. ஓன் நம்பரைத்தான் அழிச்சுட்டியே, இது என் நம்பர். வண்டி பாக்க வர்ற ஆளை வேணாம்னு சொல்லிட்டேன். ஐப்பசியில வாடைக்காத்து திரும்பட்டும், அப்பறம் மேக்க வர்றப்ப காட்டறேன் நான் யாருன்னு. புதங்கிழமை சாப்பாட்டுக்கு வந்துடு.”

எழில்மொழி சிரித்துவிட்டார். பரணி சிரிக்கவில்லை. போனை வாயருகே கொண்டுபோய், கூடத்தில் நடந்துகொண்டே பதில் பதிவு செய்தார்.

“மச்சான், உலுக்கினியா? ரெண்டு டக்குதானே? மூணாவது போடலியே? ஏன்னா உன் வண்டி சாஞ்சு நின்னிருந்தா...”

அனுப்பிவிட்டு டைரியை எடுத்தார். நூற்றுநாற்பத்துநாலாவது வரி. ‘எங்கிருந்து எங்கே’ என்ற பத்தியில் பேனா பழக்கத்தில் ‘மே’ என்று எழுதிவிட்டது. அடித்தார். ‘தஞ்சை – காரைக்கால்’ என்று முழுசாக எழுதினார். அதற்குக் கீழே, நூற்றுநாற்பத்தைந்தாவதாக, ‘காரைக்கால் – தஞ்சை’. எழுதி முடித்ததும் இன்னொன்று உறுத்தியது. காற்று எவ்வளவு, இறக்கம் எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? காற்றே இல்லாத ஒரு காலை வேண்டும். புரட்டாசிக் கடைசியில், காற்று திசை மாறும் இடைவெளியில், ஒன்றிரண்டு நாள் கிடைக்கலாம்.

காலண்டரைப் பார்க்க எழுந்து போனார்.